திண்ணைச் சுவரும் மூங்கில் கூடும்

திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் அகத்துத் திண்ணைச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு துளை இருந்தது. துளையின் வாயில் கறுத்த பிசினால் ஆன சிறு குழல், சுண்டுவிரல் பருமனில், லேசாக மேல்நோக்கி வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பில் எந்நேரமும் ஏழெட்டுக் கறுப்புத் தலைகள் காவல் நிற்கும். 1960களில், திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் அந்தக் குழல் சரியாக என் கண்ணுக்கு நேரே வரும். ஒருநாள் ஈர்க்குச்சியால் அதை அடைக்கப் போனேன். பாட்டி அதட்டினாள். "அதுக்குக் கொடுக்கே கிடையாதுடா. உன்னை ஒண்ணும் பண்ணாததை நீ ஏன் பண்றே? அதுவும் நம்மாத்துலதான் குடியிருக்கு."

தமிழ்நாட்டில் கொசுத்தேனீ என்பார்கள், சிறுதேனீ என்பார்கள். மலையாளமும் தமிழும் ஒரே மூச்சில் பேசும் எங்கள் தெருவில் அது செறுதேனீ. அரிசி மணியில் பாதிதான் இருக்கும். கொட்டாது, ரொம்பத் தொந்தரவு செய்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். அவ்வளவுதான்.

சாலைக் கடைத்தெரு கிழக்கே ஓய்ந்து கிள்ளிப்பாலத்தை நெருங்குகிற இடம் வலியசாலை. ஆ. மாதவன் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்தக் கடைத்தெரு தெரிந்திருக்கும். அதன் இரைச்சல் எட்டாத தூரத்தில் காந்தளூர் மகாதேவர் கோயிலும், அதையொட்டி எங்கள் அக்ரகாரமும். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று தெருவில் எல்லோரும் நம்புகிறோம். இல்லை, விழிஞ்ஞம் பக்கம் என்று வாதிடும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. எனக்கு வேண்டியது அந்த வழக்கு அல்ல, சுவர்கள். ஒரு வீட்டின் பக்கச்சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். வெட்டுகல்லும் மண்ணும் சுண்ணாம்பும் சேர்த்து ஒன்றரை அடி கனத்தில் எழுப்பியவை. மண் உதிர்ந்து கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விழுகிற பொந்துகள்தான் செறுதேனீயின் குடியிருப்பு. பள்ளிக்கூடம் போகும் வழியில் குழல்களை எண்ணிக்கொண்டே போவோம். ஒரு வரிசையில் பதினொன்று வரை எண்ணிய ஞாபகம்.

அன்று யாரும் தேன்கூடு வாங்கியதில்லை. வாங்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் வந்ததில்லை. அது தானாக வந்து குடியேறும். வந்த வீட்டுக்கு நல்லது என்று ஒரு நினைப்பும் இருந்தது. தேன் வேண்டுமானால் சாலையில் பச்சைமருந்துக் கடைக்குப் போக வேண்டும். அகத்தியமலைப் பக்கத்துக் காணிக்காரர்கள் காட்டிலிருந்து எடுத்துவரும் செறுதேன் சின்னச் சின்னக் குப்பிகளில் இருக்கும். வைத்தியர் சொன்னால் மட்டுமே வாங்குவது. இருமலுக்கு, வாய்ப்புண்ணுக்கு, பிறந்த குழந்தையின் நாக்கில் வசம்போடு உரைத்துத் தடவ. கடைசியாகச் சொன்ன வழக்கத்தை இன்று கைவிட்டே ஆக வேண்டும். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் எதுவானாலும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் விதை அந்தப் பச்சைக் குடலில் முளைத்து நஞ்சாகிவிடும். பாட்டியின் காலத்தில் இது தெரியாது.

எங்கள் சுவர்த் தேனை நான் தின்றது ஒரே முறை. ஓடு மாற்ற வந்த கொத்தன், ஒரு கல் அசைந்தபோது பொந்தைத் திறந்துவிட்டான். உள்ளே அடைகளே இல்லை. கறுத்த திராட்சைக் குலைபோல மெழுகுக் குமிழிகள், சிலவற்றில் தேன், சிலவற்றில் மஞ்சளாக மகரந்தம். ஒரு குமிழியைப் பிழிந்து என் உள்ளங்கையில் விட்டான். புளிப்பு முதலில் வந்தது, பிறகு இனிப்பு, கடைசியில் பலாப்பிசின் போல ஒரு வாசனை. கொத்தன் கல்லைத் திரும்ப வைத்து மண் பூசி, ஒரு விரல் நுழையும் துளை மட்டும் விட்டுவிட்டான். யாரும் சொல்லவில்லை, அவனே செய்தான்.

பெட்டியில் வளர்த்தது வேறு தேனீயை. அதன் கதை தெற்கே, அன்றைய திருவிதாங்கூரில், மார்த்தாண்டத்தில் தொடங்கியது. ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணிக்காக வந்த ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் அங்கே தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக்கினார். அது பொந்துத் தேனீ. அடைகட்டும் இனம், கொட்டும். திருச்சியில் பாதிரியார் நியூட்டன் இந்த இனத்துக்காகவே அமைத்த பெட்டி அதற்கு முன்பே புழக்கத்துக்கு வந்திருந்தது. சட்டங்கள் செருகிய அந்தப் பெட்டிகள் நாகர்கோவில் ரோடு நெடுகிலும் தென்னந்தோப்புகளில் நின்றதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். ஒரு பெட்டியில் வருஷத்துக்குப் பல கிலோ தேன். வருஷம் முழுக்கப் பாடுபட்டாலும் கால் கிலோ, அரைக் கிலோ தருகிற செறுதேனீயைத் தொழிலாக எண்ண யாருக்கும் காரணம் இருக்கவில்லை. சில வீடுகளில் மண்கலயத்திலோ தேங்காய்ச் சிரட்டையிலோ குடிவைத்து உத்தரத்தில் தொங்கவிடுவார்கள், மருந்துக்கென்று.

1991இல் நிலைமை தலைகீழானது. தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி பொந்துத் தேனீக்களைத் தாக்கியது. புழுக்கள் கூட்டுப்புழு ஆகாமலே நீர் நிறைந்த பைபோல ஊதிச் செத்தன. கேரளத்தில் இருந்த பொந்துத் தேனீக் குடும்பங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஓரிரு ஆண்டுகளில் அழிந்தன. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோப்புகளிலும் பெட்டிகள் காலியாகின. வயிற்றுப் பிழைப்பே அதுவாக இருந்தவர்கள் பெட்டியின் பலகையைப் பிரித்து விறகுக்குப் போட்டார்கள் என்று மார்த்தாண்டத்து உறவினர் ஒருவர் சொன்னபோது அவர் குரல் கம்மியது. அந்த நோய் செறுதேனீயைத் தொடவில்லை. ஓட்டு வீட்டுச் சுவர்களில் அவை வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் மனிதர்களின் கண் அவற்றின் மேல் திரும்பியது.

எங்கள் தெருவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி இதில் பெரிய வேலை செய்தது. தேனீக்களுக்கான அகில இந்திய ஆராய்ச்சித் திட்டத்தின் மையம் ஒன்று அங்கே இருக்கிறது. மூங்கிலா, மரமா, மண்கலமா, எவ்வளவு கொள்ளளவு, எந்த மாதம் பிரிப்பது, எந்த எதிரி எப்படி வருகிறது என்று கொடுக்கில்லாத இந்தப் பூச்சியை முறையாக ஆராய்ந்து விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதுவரை தென்னிந்தியச் செறுதேனீ எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே அறிவியல் பெயரைச் சொல்லிவந்தோம்: டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ். 1854இல் ஸ்மித் வைத்த பெயர். 2019இல் ஷானாஸ், ஃபசீஹ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியாவிலிருந்து எட்டுப் புதிய இனங்களை விவரித்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு திருவாங்கூரிக்கா என்று பெயர். ஒரே பூச்சி என்று நாம் நினைத்தது பல இனங்கள், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மண்ணும் மழையும் கொண்டவை என்ற உண்மை, கூடு வாங்கப் போகும் எவரும் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது.

2020இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொடுக்கில்லாத் தேனீக்களின் தேனில் ட்ரெஹாலுலோஸ் என்ற அரிய சர்க்கரை மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் தேன்களில் பார்த்த சேதி அது. ரத்தத்தில் மெல்ல மெல்லக் கலக்கிற சர்க்கரை. அதே வருஷம் ஊரடங்கு. வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் மாடியில் கத்திரிக்காய் போட்டார்கள், கூடவே செறுதேனீப் பெட்டியும் தேட ஆரம்பித்தார்கள். இன்று எங்கள் தெருவில் நாலு வீட்டில் பெட்டி தொங்குகிறது. ஆனால் சுவர்க் குழல்கள்? பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து கான்கிரீட்டாகிவிட்டன. சிமென்ட் பூசிய ஹாலோபிளாக் சுவரில் பொந்து விழாது. பதினொன்று எண்ணிய வரிசையில் போன வருஷம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

எங்கள் வீடும் 1998இல் இடித்துக் கட்டியதுதான். அன்று திண்ணைச் சுவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. சுவர் விழுந்த பிறகு மூன்று நாட்கள், முன்பு துளை இருந்த அதே உயரத்தில், வெறும் ஆகாயத்தில், பூச்சிகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. காலில் மகரந்தப் பொதியோடு சில. ஏன் வேறு இடம் தேடிப் போகவில்லை என்று அப்போது புரியவில்லை. பின்னால்தான் தெரிந்துகொண்டேன்: பொந்துத் தேனீயின் ராணி தேவையானால் கூட்டத்தோடு பறந்து போய்விடுவாள். செறுதேனீயின் ராணி முட்டையிடத் தொடங்கியபின் வயிறு பருத்துப் பறக்கவே முடியாதவள். கூட்டைக் கைவிட்டு ஓடும் வழி அவற்றுக்கு இல்லை. வைத்த இடத்தில் வாழ வேண்டும், இல்லையேல் அங்கேயே சாக வேண்டும். பாட்டி குடியிருக்கு என்று சொன்ன சொல் எவ்வளவு சரியான சொல் என்று எனக்கு நாற்பது வயதில் விளங்கியது.

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு பெட்டி வாங்கினேன். அதில் நான் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன்; வேறொருவருக்கு உதவும். ஒரு பூச்செடிக் கண்காட்சியில் வாங்கியது. பச்சை வண்ணம் அடித்த அழகான பிளைவுட் பெட்டி, மேலே கண்ணாடி மூடி. பேத்தி உள்ளே பார்க்கலாமே என்று அதையே எடுத்தேன். மாசி மாதம். மாடிக் கைப்பிடிச் சுவரில், மேற்கு பார்த்து வைத்தேன். பங்குனி வெயிலில் இங்கே காற்று 35 டிகிரியைத் தொடும். வெந்த கான்கிரீட் தளத்தின் மேல் அது இன்னும் கூடும். ஒரு மதியம் பெட்டியின் மூலையிலிருந்து தேன் ஒழுகியது. உள்ளே மெழுகும் பிசினும் இளகி, குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருந்தன. மறுநாள் எறும்பு வரிசை. பறக்க முடியாத அந்த ராணியை நான் தேனில் அமிழ்ந்து கிடக்கக் கண்டேன். ஒரு வாரம் அந்தப் பெட்டியைத் தொட மனம் வரவில்லை.

மலையின்கீழ் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் ஓர் இளைஞர் செறுதேனீ வளர்ப்பவர் என்று பால்காரர் சொல்ல, அவரைக் கூப்பிட்டேன். செத்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலகையின் கனத்தை விரலால் அளந்தார். "சாமி, பழைய வீட்டுச் சுவர் எவ்வளவு கனம்?" என்று கேட்டார். "ஒன்றரை அடி" என்றேன். "இது கால் அங்குலம்" என்றார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடைகட்டும் தேனீக்கள் வெயில் காலத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர்விக்கும். செறுதேனீக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அது குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை, குளிர்ச்சியான இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே ஊருக்கேற்ற கூடு என்பது, அந்த ஊரில் இந்தப் பூச்சி தானாகக் குடியேறும் பொந்து எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் கூடு. திருவனந்தபுரத்தில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. இரண்டு மழை உண்டு: இடவப்பாதியும் துலாவர்ஷமும். ஆக இங்கே பெட்டி காக்க வேண்டியது வெயிலிலிருந்தும் ஈரத்திலிருந்தும்.

மூங்கிலை அவர் முதலில் சொன்னார். கனத்த சுவருள்ள முற்றிய மூங்கிலில், இரண்டு கணுவுக்கும் இடைப்பட்ட துண்டு. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, திரும்பச் சேர்த்துக் கம்பியால் கட்டி, இறவாணத்தில் கிடையாகத் தொங்கவிடுவது. ஒரு முனையில் முட்டைக் கூட்டம், மறு முனையில் தேன் என்று அதுவே பிரித்துக் கட்டிக்கொள்ளும். தேன் எடுக்கும்போது புழுக்களுக்குச் சேதம் வராது. நாலைந்து மழைக்குப் பிறகு உளுத்துப்போகும் என்பது அதன் குறை. மரமென்றால் அயனி, பலா, மா. முக்கால் அங்குலத்துக்குக் குறையாத பலகை, வண்ணமோ வார்னிஷோ உட்புறம் கூடாது. நீளமாக, ஒடுக்கமாக இருக்க வேண்டும். மண்கலயம் குளுமை, ஆனால் தேன் எடுக்கக் கூட்டையே கலைக்க நேரும், கை தவறினால் உடையும். சிரட்டை சின்னக் குடும்பத்துக்குப் போதும். பி.வி.சி. குழாயை அவர் வேண்டவே வேண்டாம் என்றார், சூடு.

பெரிய பெட்டி வாங்கினால் நிறையத் தேன் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கொள்ளளவுதான் சரி. இடம் மிஞ்சினால் காவல் எட்டாத மூலையில் ஈயும் வண்டும் முட்டையிடும். அவற்றின் புழுக்கள் மகரந்தக் குமிழிகளைத் தின்று கூட்டையே நாறடித்துவிடும். பெட்டியின் இண்டு இடுக்கெல்லாம் அதுவே பிசின் வைத்து அடைக்கும், ஆனால் அந்தப் பிசினுக்காக அலையும் நேரம் தேனுக்காக அலையும் நேரத்தைத் தின்றுவிடுகிறது. பலா வடியும் இடம், மாங்காய்க் காம்பு, எதுவும் கிடைக்காவிட்டால் புதிதாகப் பெயின்ட் அடித்த ஜன்னல்கூட. பக்கத்து வீட்டு நீலக் கதவிலிருந்து எடுத்துப்போன நீலம் ஒரு கூட்டு வாயில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்க்க வேதனையாக இருந்தது.

பெட்டியைவிட முக்கியம் உள்ளே இருக்கும் குடும்பம். அதைப் பார்த்து வாங்க அவர் சொல்லித்தந்ததை எழுதுகிறேன். காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போக வேண்டும். கூட்டு வாயில் காவல் தேனீக்கள் முகம் காட்ட வேண்டும். குழலின் விளிம்பைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். காய்ந்து மொரமொரவென்று இருந்தால் உள்ளே சுணக்கம். எறும்பை நிறுத்துவதும் அந்த ஈரப் பிசின்தான். உள்ளே போகும் பூச்சிகளின் பின்னங்காலில் மகரந்தம் இருக்கிறதா? மகரந்தம் போனால் புழுக்கள் இருக்கின்றன. பிறகு மூடியைத் திறக்கச் சொல்ல வேண்டும். கரும்பழுப்பு நிற முட்டை அறைகளும், வெளிறிய சந்தன நிற அறைகளும் இரண்டுமே தெரிய வேண்டும். புதிய அறைகள் மெழுகு பூசிக் கரும்பழுப்பாக இருக்கும். உள்ளே பூச்சி வளர வளர அந்த மெழுகை வேலைக்காரத் தேனீக்கள் சுரண்டி எடுத்துக்கொள்வதால் பழைய அறைகள் வெளிறிவிடும். வெளிறியவை மட்டும் இருந்தால், கொஞ்ச நாளாக ராணி முட்டையிடவில்லை என்று பொருள். நான் வாங்கிச் சாகடித்த பெட்டியில் கண்ணாடி வழியே தெரிந்ததெல்லாம் வெளிறிய அறைகள்தான். எனக்கு அன்று அது அழகாகத் தெரிந்தது.

எங்கிருந்து வந்த குடும்பம் என்று கேட்பது அடுத்தது. வளர்ப்பவர் தன் கூட்டைப் பிரித்து உண்டாக்கியதா, காட்டு மரத்தைப் பிளந்து எடுத்ததா? பிரித்ததென்றால் எப்போது? துலாவர்ஷம் ஓய்ந்து விருச்சிகம், தனு மாதங்களில், அதாவது கார்த்திகை மார்கழியில் பிரித்தால், மகரத்திலிருந்து பூக்கள் வரும்போது குடும்பம் காலூன்றிவிடும். பிரித்து மூன்று மாதமாவது ஆகியிருந்தால்தான் வாங்கலாம். அடைமழையில் வாங்கவே வேண்டாம். காட்டு மரத்துக் கூட்டை நான் விலைக்கு வாங்க மாட்டேன். ஒரு கூடு வேண்டும் என்பதற்காக நூறு வயது மரம் விழுவதை எந்தத் தேனும் ஈடுசெய்யாது.

தூரத்து ஊரிலிருந்து வரவழைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. திருநெல்வேலியில் இருக்கும் என் மருமகன், அத்தை மகன் வழியில், இங்கிருந்து இரண்டு பெட்டி கொண்டுபோகிறேன் என்றான். அங்கேயும் கொசுத்தேனீ உண்டே, பழைய வீட்டுச் சுவரில், கோயில் மதிலில், பனையோலைக் கூரையின் மூங்கிலில் என்று சொல்லித் தடுத்தேன். கோடைக் காற்று 40 டிகிரியில் அடிக்கும் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்த குடும்பம் அங்கேயே இருக்கும்போது, ஈரக்காற்றில் வளர்ந்ததை அங்கே கொண்டுபோய் ஏன் வதைக்க வேண்டும்? ஆஸ்திரேலியாவிலும் இதே கணக்குத்தான். அங்கே பெட்டியில் வளர்க்கும் இரண்டு டெட்ராகோனுலா இனங்களில் கார்பொனாரியா சிட்னியின் குளிரையும் தாங்கும்; ஹாக்கிங்ஸி வெப்பமான வடக்குக்கு உரியது. எந்த ஊரில் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்காமல் கூடு தருகிறவர் அங்கே நல்ல வளர்ப்பாளர் இல்லை. மெக்சிகோவின் யுகாட்டானில் மாயா மக்கள் பல நூற்றாண்டாகக் குடைந்த மரக்கட்டையில் வளர்த்துவரும் மெலிபோனா தேனீயும் அந்தக் காட்டின் சொந்தப் பூச்சிதான்.

இப்படியெல்லாம் கேட்டபின், "அப்படியென்றால் எனக்கு எங்கிருந்து தருவீர்கள், தம்பி?" என்றேன். அவர் தெருவைக் காட்டினார். "இங்கேயே ஒன்று இருக்கே சாமி."

கோயிலுக்கு இந்தப் பக்கம், ஓடு சரிந்த ஒரு பழைய வீட்டின் திண்ணைச் சுவரில் அந்தக் கடைசிக் குழல். வீடு கைமாறிவிட்டது, சித்திரையில் இடிக்கப் போகிறார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டோம், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கார்த்திகை மாதம் கெணிக்கூடு வைத்தோம். இரு பக்கமும் வாய் உள்ள ஒரு மூங்கில் கூட்டை, ஒரு வாய் சுவர்த் துளையோடு பொருந்தும்படி வைத்து, சுற்றிலும் மண் குழைத்து அடைத்துவிடுவது. பூச்சிகள் வெளியே போகவும் வரவும் இனி மூங்கில் வழியாகத்தான். இரண்டு நாள் குழம்பின. பிறகு மூங்கிலின் வெளிவாயில் புதிதாகக் குழல் கட்டத் தொடங்கின. வாரத்துக்கு ஒருமுறை நான் போய்ப் பார்ப்பேன். வீட்டில் யாரும் இல்லை. திண்ணையில் நான் மட்டும், அறுபது வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் சம்மணமிட்டு.

பங்குனியில் மூங்கிலைப் பிரித்தபோது உள்ளே கரும்பழுப்பு அறைகள், ஒரு கைப்பிடி அளவு. மகள் ராணி முட்டையிட ஆரம்பித்திருந்தாள். இடிப்பதற்கு முதல் நாள் அந்தியில் அவர் உளியோடு வந்து, ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துத் தாய்க் கூட்டையும் எடுத்து இன்னொரு மூங்கிலில் வைத்தார். முட்டைக் குலையைக் கையில் எடுக்கும்போது மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு அறையிலும் கஞ்சிபோன்ற உணவின் மேல் முட்டை நட்டுவைத்ததுபோல நிற்கிறது. கவிழ்த்தால் அந்த உணவிலேயே மூழ்கிவிடும். வாங்கிய கூட்டை ஸ்கூட்டரில் கால்மாட்டில் படுக்கப்போட்டுக் கொண்டுபோகிறவர்களை நினைத்துக்கொண்டேன். ராணி தென்பட்டதும் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பலா இலையை அவளுக்குக் கீழே நகர்த்தினார். பொன்னிறத்தில், வேலைக்காரத் தேனீயைப்போல மூன்று மடங்கு நீளம். எத்தனை தலைமுறை ராணிகள் அந்தப் பொந்தில் இருந்தார்களோ.

இரண்டு மூங்கில்களுக்கும் 5,000 ரூபாய் கொடுத்தேன். அவர் ஒன்றுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, தாய்க் கூட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார், பிரித்துப் பெருக்க. என் கூட்டையும் உடனே தரவில்லை. ஐந்து வீடு தள்ளி என் வீட்டில் தொங்கவிட்டால், வெளியே போன பூச்சிகள் பழைய சுவருக்கே திரும்பிவிடும். அரைக் கிலோமீட்டர் வட்டாரம் அவற்றுக்கு மனப்பாடம். அதனால் கூட்டு வாயைக் கொசுவலைத் துண்டால் மூடி, மலையின்கீழுக்கு எடுத்துப்போய் ஒரு மாதம் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்தார்.

இப்போது அது கிழக்குப் பார்த்த வராந்தாவில், வெயில் படாத மூலையில், மழைச்சாரல் அடிக்காத உயரத்தில் தொங்குகிறது. தொங்கும் கம்பியில் வேப்பெண்ணெய் தோய்த்த துணி சுற்றியிருக்கிறேன், எறும்புக்கு. பல்லி வராமல் பார்த்துக்கொள்வது என் காலை வேலை. மதிலோரம் கொடிரோஜா படர்ந்திருக்கிறது. துளசி, தொட்டாற்சுருங்கி, பக்கத்து மனையில் இரண்டு தென்னை. இந்த மேடத்தில் 300 கிராம் எடுத்தோம். பாட்டிலில் ஊற்றிய மறுவாரம் மூடி உப்பியது. கலப்படம் என்று பயந்துவிடாதீர்கள், செறுதேனில் நீர்ச்சத்து அதிகம், லேசாகப் புளிக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் அடங்கும். மலேசியா 2017லேயே இந்த வகைத் தேனுக்கெனத் தனித் தரநிர்ணயம் வகுத்துவிட்டது.

பேத்திக்கு ஆறு வயது. மூங்கிலை அவள் கண்ணுக்கு நேரே வரும்படிதான் கட்டச் சொன்னேன். வாயிலில் புதிய குழல் முக்கால் அங்குலம் வளர்ந்திருக்கிறது, மேல்நோக்கி லேசாக வளைந்து. நேற்று அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காவல் தலைகளை எண்ணிவிட்டு, "தாத்தா, ஒன்பது பேர்" என்றாள்.